ஒருமுறை விடுதலையானவரை மறுபடி கூண்டில் ஏற்றலாமா? ஸ்டீபன் லாரன்ஸ் கொலை வழக்கு

சட்டப் புத்தகத்தைப் புரட்டியே பார்க்காதவர்களுக்கும் ஒரு விதி தெரிந்திருக்கும். ஒரு குற்றத்துக்காக ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தி, விசாரித்து, 'குற்றவாளி இல்லை' என்று விடுவித்துவிட்டால், அதே குற்றத்துக்கு அவரை மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது. ஆங்கிலச் சட்டத்தில் இதை 'டபுள் ஜெப்பர்டி' என்பார்கள். ஒரே ஆபத்தில் ஒருவரை இரண்டு தடவை தள்ளக் கூடாது என்று அர்த்தம். இந்தக் கட்டுரையில் 'மறுவிசாரணைத் தடை' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இங்கிலாந்தில் இந்தத் தடை பல நூற்றாண்டுகளாக அசையாமல் நின்றது. ஆனால் 2012 ஜனவரி 3 அன்று, லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதே கொலைக்காக, அதே நீதிமன்றத்தில், 1996-ல் விடுதலையானவர் அவர். நடுவில் சட்டமே மாறியிருந்தது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயும் தகப்பனும் இருந்தார்கள். இந்த விதி எதற்காக இருக்கிறது, அது எங்கே வலிக்கும், அதில் எப்படி ஒரு கதவு வைத்தார்கள் என்பதையெல்லாம் புரிந்துகொள்ள ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில்

ஸ்டீபனுக்கு 18 வயது. கட்டடக் கலைஞர் ஆக வேண்டும் என்ற ஆசையோடு படித்துக்கொண்டிருந்தார். பெற்றோர் நெவில், டோரீன் இருவரும் ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர்கள்.

1993 ஏப்ரல் 22, வியாழக்கிழமை. இரவு பத்தரை மணி வாக்கில் தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில், வெல் ஹால் சாலையில், ஸ்டீபனும் நண்பர் டுவேன் புரூக்ஸும் வீடு திரும்பப் பேருந்துக்காக நின்றிருந்தார்கள். வண்டி வருகிறதா என்று பார்க்க ஸ்டீபன் கொஞ்சம் தள்ளிப் போனார். வருகிறதா என்று டுவேன் குரல் கொடுத்துக் கேட்டார். சாலையின் எதிர்ப்பக்கம் வெள்ளை இளைஞர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல் அங்கிருந்து பதிலாக வந்தது. கத்திக்கொண்டே சாலையைக் கடந்து வந்து ஸ்டீபனைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாம் சில நொடிகள்தான். இரண்டு கத்திக்குத்து. 'ஓடு' என்று டுவேன் கத்த, ஸ்டீபன் எழுந்து ஓடினார். அந்தக் காயங்களோடு நூறு மீட்டருக்கு மேல் ஓடி, நடைபாதையில் விழுந்தார். பிறகு எழவே இல்லை.

முன்விரோதம் கிடையாது. வாய்த்தகராறு கிடையாது. எதையும் பறித்துக்கொண்டு போகவில்லை. ஸ்டீபனும் டுவேனும் அவர்களை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. அவருடைய தோல் நிறம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். இனவெறிக் கொலையின் முழுக்கொடுமை இதில்தான் இருக்கிறது. ஸ்டீபன் அன்று என்ன செய்திருந்தால் தப்பியிருப்பார் என்று கேட்டால், பதிலே கிடையாது.

தவறவிட்ட இரண்டு வாரம்

கொலைகாரர்கள் யார் என்று தெரியாமல்தான் வழக்கு இழுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை வேறு. முதல் இரண்டு நாட்களிலேயே தகவல்கள் குவிய ஆரம்பித்துவிட்டன. பெயர் சொல்ல விரும்பாதவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். ஒருவர் நேராகக் காவல் நிலையத்துக்கே வந்து சொன்னார். ஒரு தொலைபேசிக் கூண்டில் யாரோ கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப அதே சில பெயர்கள்.

ஆனாலும் யாரையும் கைது செய்யவில்லை. அதற்குப் பதிலாகச் சந்தேக நபர்களின் வீடுகளைப் படம் பிடிக்க ஆள் வைத்தார்கள். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கறுப்புக் குப்பைப் பையில் எதையோ எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கத்திக்குத்து நடந்து சில நாட்களே ஆகியிருந்தன. பையில் துணிமணிகள் இருந்திருக்கலாம். படம் எடுத்தார்கள். பையோடு போனவரை நிறுத்தவோ, அது எங்கே போகிறது என்று பின்தொடரவோ அங்கே எந்த ஏற்பாடும் இல்லை.

மே 6 அன்று டோரீன் ஒரு மூத்த காவல்துறை அதிகாரியைச் சந்தித்தார். தன் காதுக்கு வந்த பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அதிகாரி தாளை மடித்து மடித்துக் கைக்குள் சுருக்கியதை டோரீன் பார்த்தார். குப்பையில் போடத்தான் மடிக்கிறார் என்று அந்தத் தாய்க்குத் தோன்றியதில் என்ன தவறு? அதே நாளில் லண்டன் வந்திருந்த நெல்சன் மண்டேலா அவர்கள் குடும்பத்தைச் சந்தித்தார். நாட்டின் கவனம் முழுக்க வழக்கின் மேல் விழுந்தது. மறுநாள், மே 7 அன்று, முதல் கைதுகள் நடந்தன.

இங்கே ஒரு சட்டப் பாடம் இருக்கிறது. ஒருவரைத் தண்டிக்க ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும். கைது செய்வதற்கு அவ்வளவு வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும். கைது செய்து, வீட்டைச் சோதனை போட்டு, துணியைக் கைப்பற்றினால்தானே ஆதாரமே கிடைக்கும்? புலன்விசாரணைக்குத் தலைமை ஏற்றிருந்த அதிகாரிக்கு இந்த அடிப்படை விஷயமே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பது பிற்பாடு பொது விசாரணையில் அம்பலமானது. அந்த இரண்டு வாரத்தில் கத்தியும் ரத்தக்கறை படிந்த துணிகளும் எங்கெங்கு போயினவோ.

டுவேன் அடையாளம் காட்டிய இருவர் மீது குற்றச்சாட்டு பதிவானது. ஆனால் 1993 ஜூலை 29 அன்று, ஆதாரம் போதாது என்று அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. இருட்டு நேரம், சில நொடி நிகழ்வு, உயிருக்குப் பயந்து ஓடிய ஒரே சாட்சி. இப்படிப்பட்ட அடையாளச் சாட்சியத்தை மட்டும் நம்பி வழக்கு நடத்த முடியாது என்பது அவர்கள் வாதம்.

பெற்றோரே தொடுத்த வழக்கு

இங்கிலாந்தில் ஒரு வசதி உண்டு. அரசு கைவிட்டாலும், தனிநபர் தன் பொறுப்பில் குற்றவழக்கு தொடுக்கலாம். கொலைக் குற்றத்துக்கு இப்படி நடப்பது மிக மிக அரிது. செலவு ஒரு பக்கம், ஆதாரம் திரட்டும் பாரம் இன்னொரு பக்கம். அரசின் சட்ட உதவிப் பணமும் இதற்குக் கிடையாது. லாரன்ஸ் குடும்பத்துக்காக மைக்கேல் மான்ஸ்ஃபீல்ட் முதலான வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள்.

சந்தேகத்துக்குரிய ஐவரில் இருவர் மீதான வழக்கு, விசாரணைக்குப் போகும் முன்பே, முதற்கட்டத்திலேயே போதிய ஆதாரம் இல்லை என்று நின்றுவிட்டது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மீதி மூவர் 1996 ஏப்ரலில் ஓல்ட் பெய்லியில் ஜூரி முன், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவின் முன், நிறுத்தப்பட்டார்கள். டுவேனின் அடையாளச் சாட்சியத்தை ஜூரி முன் வைக்கக் கூடாது, அது நம்பத்தக்கதல்ல என்று நீதிபதி தீர்மானித்தார். அதை எடுத்துவிட்டால் வழக்கில் மிச்சம் ஒன்றும் இல்லை. குற்றவாளி இல்லை என்று அறிவிக்கும்படி நீதிபதியே ஜூரிக்கு உத்தரவிட்டார். மூவரும் விடுதலை. அவர்களில் ஒருவர் கேரி டாப்சன்.

ஜூரி ஆதாரத்தை எல்லாம் கேட்டு, யோசித்து விடுவித்தாலும் சரி, நீதிபதி சொல்லி விடுவித்தாலும் சரி, சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே விடுதலைதான். மறுவிசாரணைத் தடை அந்த நிமிடமே மூவருக்கும் கவசமாகிவிட்டது. நாளைக்கே யாராவது அந்தக் கத்தியைத் தோண்டி எடுத்து வந்தாலும் தொட முடியாது. காவல்துறை செய்ய மறுத்ததைத் தாங்களே செய்யப் போன பெற்றோருக்குக் கிடைத்தது நிரந்தரமாகப் பூட்டிய கதவு. இந்த வழக்கில் என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான். அவர்கள் ஒன்றும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கும்.

அப்படியானால் இந்த விதி எதற்கு?

இவ்வளவையும் கேட்டபின், இப்படி ஒரு விதி இருக்கவே கூடாது என்று கோபம் வருவது இயல்பு. கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

செய்யாத திருட்டுக்காக உங்களைக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் அலைந்து, இருந்ததை விற்று வழக்கறிஞர் வைத்து, விடுதலை வாங்கி வெளியே வருகிறீர்கள். ஆறு மாதம் கழித்து, 'போன தடவை சரியாக வாதாடவில்லை, மறுபடி பார்க்கலாம்' என்று அரசு அதே வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால்? அதிலும் விடுதலையானால் மூன்றாவது தடவை வந்தால்? அரசிடம் காவல்துறை இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, பணம் இருக்கிறது, முக்கியமாக நேரம் இருக்கிறது. தனி மனிதனிடம் இதில் எதுவும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் என்று விட்டால், ஏதோ ஒரு முறை அப்பாவியும் சிக்கிவிடுவான். ஆட்சியில் இருப்பவர்களுக்குப் பிடிக்காத ஆளை ஆயுள் முழுக்க நீதிமன்றத்துக்கு அலைய வைத்தே ஒழித்துவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஒரு வாய்ப்புதான் என்று தெரிந்தால், காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் முதல் தடவையே ஒழுங்காக வேலை செய்வார்கள். அப்படித்தான் எதிர்பார்ப்பு. அதனால் இந்தத் தடை குற்றவாளிகளுக்குச் செய்த சலுகை என்று நினைப்பது சரியல்ல. எளியவர்களுக்கும் இதுதான் பாதுகாப்பு.

ஆனால் அதன் கூர்மையான மறுபக்கமும் உண்மை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1955 ஆகஸ்ட் மாதம் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை இரண்டு வெள்ளையர்கள் கடத்திக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்து கொன்றார்கள். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில், 1956 ஜனவரியில், நாங்கள்தான் கொன்றோம் என்று அவர்களே ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்கள். அதற்குப் பணமும் வாங்கினார்கள். விடுதலை ஆகிவிட்டதால் அந்தக் கொலைக்காக அவர்களைத் தொட முடியவில்லை. அந்தச் சிறுவனின் அம்மா அதைப் படித்திருப்பார் என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது.

மெக்ஃபர்சன் அறிக்கை

திரும்ப லண்டனுக்கு வருவோம். 1997 பிப்ரவரியில் மரண விசாரணை நடந்தது. யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஒருவர் எப்படி இறந்தார் என்று மட்டும் கண்டறியும். சந்தேக நபர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார்கள். ஐந்து வெள்ளை இளைஞர்கள், எந்தத் தூண்டுதலும் இல்லாமல், இனவெறியால் ஸ்டீபனைக் கொன்றார்கள் என்று அந்த ஜூரி அறிவித்தது. மறுநாள் டெய்லி மெயில் நாளிதழ் ஐவரின் படத்தையும் முதல் பக்கத்தில் போட்டு, 'கொலைகாரர்கள்' என்று தலைப்பிட்டது. தவறென்றால் எங்கள் மேல் வழக்குப் போடட்டும் என்றும் சவால் விட்டது. யாரும் போடவில்லை.

அதே ஆண்டு ஆட்சி மாறியது. புதிய உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா, ஓய்வுபெற்ற நீதிபதி சர் வில்லியம் மெக்ஃபர்சன் தலைமையில் பொது விசாரணைக்கு உத்தரவிட்டார். அறிக்கை 1999 பிப்ரவரி 24 அன்று வெளியானது. 70 பரிந்துரைகள். தொழில் திறமையின்மை, மேலதிகாரிகளின் தலைமைத் தோல்வி, இவற்றோடு 'நிறுவனமயமான இனவெறி' என்று மூன்று காரணங்களை அறிக்கை சொன்னது.

இந்த மூன்றாவது சொல் புதியவர்களைக் குழப்பும். காவல்துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் இனவெறியர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு நிறுவனம் தன் பழக்கவழக்கத்தாலும், யோசிக்காமல் வைத்திருக்கும் எண்ணங்களாலும், அறியாமையாலும் குறிப்பிட்ட நிறத்தவருக்கு, பண்பாட்டினருக்குச் சரியான சேவையைத் தரத் தவறுகிறது என்றால், அதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவரை விரல் நீட்டிக் காட்ட முடியாமல் இருக்கலாம், விளைவு மட்டும் கண்முன்னால் இருக்கும். அன்று இரவு முதலில் வந்த காவலர்கள், குத்துப்பட்டுக் கிடந்தவருக்கு முறையான முதலுதவி செய்யவில்லை. கண்ணெதிரே நண்பன் வெட்டுப்பட்டதைப் பார்த்துத் துடித்த டுவேனைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்காமல், தகராறில் ஈடுபட்ட ஆளைப் போல நடத்தினார்கள். மகனை இழந்த பெற்றோரிடம் பேசிய விதத்திலும் மரியாதை இல்லை. இதில் எதற்கும் யாரும் மேலிருந்து ஆணை போட்டிருக்கத் தேவையில்லை.

அந்த அறிக்கையிலிருந்து இன்னொரு மாற்றமும் வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், காவல்துறை அதை அப்படியே பதிவு செய்து விசாரிக்க வேண்டும். 'இது இனவெறி இல்லை' என்று வாசலிலேயே அதிகாரி முடிவு செய்து திருப்பி அனுப்பக் கூடாது. உண்மையில் இனவெறிதானா என்பதை நிரூபிக்கும் வேலை பிறகு நீதிமன்றத்தில் இருக்கத்தான் போகிறது. புகாரைக் கேட்கும் காதையாவது திறந்து வையுங்கள் என்பதுதான் இதன் பொருள்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது 38-வது பரிந்துரை. புதிய, வலுவான ஆதாரம் கிடைத்தால், விடுதலையானவர் மீதும் மறுபடி வழக்கு நடத்த மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரலாமா என்று யோசியுங்கள் என்றது அது.

கதவு திறந்த விதம்

லாரன்ஸ் குடும்பம் மட்டும் இதற்காகப் போராடவில்லை. 1989-ல் மகள் ஜூலி ஹாக்கை இழந்த ஆன் மிங் என்ற தாயும் இந்த மாற்றத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார். அந்த வழக்கில் விடுதலையான பில்லி டன்லப், பிற்பாடு தான்தான் கொன்றதாக ஒப்புக்கொண்டார். முந்தைய விசாரணையில் பொய் சொன்னதற்காக மட்டுமே அவரைத் தண்டிக்க முடிந்தது.

2003-ல் குற்ற நீதிச் சட்டம் நிறைவேறியது. அதன் மறுவிசாரணைப் பகுதி 2005-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய விடுதலைகளுக்கும் இது பொருந்தும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம் இது. ஸ்காட்லாந்து தனக்கென 2011-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

சரி, இனி யாரை வேண்டுமானாலும் திரும்ப இழுக்கலாமா? இல்லை. தடை அப்படியே இருக்கிறது, அதில் ஒரு குறுகலான கதவு வைத்திருக்கிறார்கள். கொலை, பாலியல் வன்முறை போன்ற மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டும்தான் அது திறக்கும். ஆதாரம் புதியதாக இருக்க வேண்டும், அதாவது முந்தைய விசாரணையில் வைக்கப்படாதது. நம்பத்தக்கதாகவும் குற்றத்தை வலுவாகக் காட்டுவதாகவும் இருக்க வேண்டும். அரசுத் தரப்பின் தலைமை வழக்கு இயக்குநர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அப்புறம் மேல்முறையீட்டு நீதிமன்றம், மறுபடி விசாரிப்பது நியாயமா என்று எடை போடும். இத்தனை ஆண்டுக்குப் பின் நேர்மையான விசாரணை சாத்தியமா, முதல் தடவையே ஒழுங்காகத் தேடியிருந்தால் இந்த ஆதாரம் அப்போதே கிடைத்திருக்குமா என்றெல்லாம் பார்க்கும். காவல்துறை அலட்சியமாக இருந்துவிட்டு, இரண்டாம் வாய்ப்பு இருக்கிறதே என்று சாய்ந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடைசிக் கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விடுதலைக்கு எதிராக ஒரே ஒரு முறைதான் இப்படி விண்ணப்பிக்க முடியும்.

இந்தக் கதவு வழியாக முதலில் தண்டிக்கப்பட்டவர் பில்லி டன்லப், 2006-ல்.

மேற்சட்டைக் காலரில் ஒரு புள்ளி

சட்டம் மாறினால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டுமே. 1993 மே மாதம் டாப்சன் வீட்டில் கைப்பற்றிய மேற்சட்டை ஒன்று காவல்துறையின் பொறுப்பில் தாள்பையில் கிடந்தது. பழைய சோதனைகளில் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, புதிய தடயவியல் குழு நவீன முறைகளோடு துணிகளைத் திரும்ப ஆராய்ந்தது. காலரில், துணியின் நெசவுக்குள் ஊறியிருந்த ஒரு ரத்தப் புள்ளி நுண்ணோக்கியில் தென்பட்டது. நீளம் 0.5 மில்லிமீட்டர், அகலம் 0.25 மில்லிமீட்டர். பேனா முனையால் தாளில் வைக்கும் புள்ளியைவிடச் சிறியது. டிஎன்ஏ சோதனையில் அது ஸ்டீபனின் ரத்தம் என்று தெரிந்தது. வேறொருவருடையதாக இருக்க நூறு கோடியில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. ஸ்டீபன் அன்று அணிந்திருந்த துணிகளின் இழைகளும் கிடைத்தன. டேவிட் நாரிஸ் என்ற இன்னொரு சந்தேக நபரின் துணிகளிலிருந்து ஸ்டீபனுடைய முடித் துணுக்குகள் கிடைத்தன.

இங்கே மறுவிசாரணைத் தடையை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளலாம். டாப்சன் 1996-ல் விடுதலையானவர். அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டுமானால் முதலில் அந்த விடுதலையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டும். நாரிஸுக்கு அது தேவைப்படவில்லை. முதற்கட்டத்திலேயே வழக்கு நின்றுபோன இருவரில் ஒருவர் அவர். ஜூரி முன் நிற்காதவருக்கு 'விடுதலைத் தீர்ப்பு' என்று ஒன்று கிடையாது, அதனால் தடையும் கிடையாது. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான்.

அப்போது தலைமை வழக்கு இயக்குநராக இருந்தவர் கியர் ஸ்டார்மர், பின்னாளில் பிரதமரானவர். அவர் சம்மதம் தந்தார். 2011 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் டாப்சனின் விடுதலையை ரத்து செய்தது. நவம்பரில் விசாரணை தொடங்கியது.

வழக்கே அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் நடந்தது. இத்தனை ஆண்டுகளில் பைகள் திறந்து மூடப்பட்டிருக்கின்றன, ஸ்டீபனின் துணியிலிருந்த காய்ந்த ரத்தத் துகள் இதில் ஒட்டியிருக்கலாம், பழைய சோதனையின்போது ஈரம் பட்டு ஊறியிருக்கலாம் என்றது எதிர்த்தரப்பு. இது சும்மா ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அல்ல. எந்தப் பை எந்தத் தேதியில் யார் கையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் காய்ந்த துகளை வைத்துச் சோதனை செய்தும் காட்டினார்கள். புது ரத்தம் பட்டால்தான் நெசவுக்குள் அப்படி ஊறும் என்பது அவர்கள் முடிவு. கொலை நடந்த அடுத்த ஆண்டு டாப்சன் வீட்டில் காவல்துறை ரகசியமாக எடுத்த காணொளியும் ஜூரிக்குக் காட்டப்பட்டது. அதில் இருந்த இனவெறிப் பேச்சு கொலைக்கான நேரடி ஆதாரம் அல்ல. ஆனால் எப்படிப்பட்ட மனநிலை என்று அது காட்டியது.

2012 ஜனவரி 3 அன்று இருவரும் குற்றவாளிகள் என்று ஜூரி அறிவித்தது.

இனவெறி என்பதைச் சட்டம் எங்கே வைக்கிறது?

கொலைக் குற்றத்தை நிரூபிக்க, கொல்லும் அல்லது கடுமையாகக் காயப்படுத்தும் எண்ணம் இருந்ததா என்று மட்டுமே ஆங்கிலச் சட்டம் கேட்கும். ஏன் அந்த எண்ணம் வந்தது என்பது, அதாவது உள்நோக்கம், குற்றத்தின் அடிப்படைக் கூறு அல்ல. தாக்குதல், சொத்துச் சேதம், தொல்லை கொடுப்பது போன்றவற்றுக்கு 1998-ல் வந்த சட்டம் 'இனவெறியால் கடுமையானவை' என்று தனிக் குற்றங்களையே உருவாக்கியது. கொலைக்கு அப்படித் தனியாக இல்லை, ஏனென்றால் அதற்கு ஆயுள் தண்டனைதான் ஏற்கனவே கட்டாயம். அங்கே இனவெறி வேறு இடத்தில் எடை சேர்க்கிறது. சிறையில் குறைந்தது எத்தனை ஆண்டு கழிக்க வேண்டும் என்று நீதிபதி நிர்ணயிக்கும்போது அதைக் கணக்கில் எடுப்பார். வயது வந்த ஒருவர் இன்று இப்படிக் கொலை செய்தால் அந்தக் கணக்கு 30 ஆண்டிலிருந்து தொடங்கும்.

டாப்சனுக்குக் குறைந்தபட்சம் 15 ஆண்டு 2 மாதம், நாரிஸுக்கு 14 ஆண்டு 3 மாதம் என்று தீர்ப்பானது. இவ்வளவுதானா என்று பலர் கொதித்தார்கள். 1993-ல் இருவரும் 18 வயது நிரம்பாதவர்கள். ஒரு குற்றத்துக்கு, அது நடந்த காலத்தில் இருந்ததைவிடக் கடுமையான தண்டனையைப் பின்னால் வந்த சட்டத்தைக் காட்டிக் கொடுக்க முடியாது. விசாரணை முறையைப் பின்னோக்கி மாற்றலாம், தண்டனையைப் பின்னோக்கி ஏற்ற முடியாது. எனக்கும் அந்த எண்கள் மனதுக்கு ஒப்பவில்லை, ஆனால் அந்தக் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, கத்தியைப் பிடித்த கை யாருடையது என்று நிரூபிக்கப்படவே இல்லை. சேர்ந்து தாக்கப் போனவர்களில், கொல்லவோ கடுமையாகக் காயப்படுத்தவோ போகிறோம் என்ற எண்ணத்தில் பங்கு இருந்தவர் எல்லோரும் கொலைக்குப் பொறுப்பு என்ற கூட்டுக்குற்ற விதியின் கீழ்தான் தண்டனை வந்தது.

கதை அங்கே முடியவில்லை. தங்கள் மகனுக்கு நீதி கேட்டுப் போராடிய குடும்பத்தின் இயக்கத்துக்குள்ளேயே ரகசியக் காவலர் நுழைந்திருந்தார் என்பது 2014-ல் வந்த ஆய்வறிக்கையில் தெரிந்தது. டோரீன் 2013 முதல் பிரபுக்கள் சபை உறுப்பினர். ஏப்ரல் 22 ஆண்டுதோறும் ஸ்டீபன் லாரன்ஸ் நாளாக நினைவுகூரப்படுகிறது. 2020 ஆகஸ்ட்டில், இனிப் பின்தொடரத் துப்பு இல்லை என்று சொல்லி லண்டன் காவல்துறை புலன்விசாரணையை நிறுத்தி வைத்தது. 2023-ல் பிபிசி இதுவரை வெளியில் வராத ஆறாவது சந்தேக நபர் ஒருவரை அடையாளம் காட்டியது. அவர் 2021-லேயே இறந்துவிட்டிருந்தார்.

1996-ல் டாப்சனோடு விடுதலையான மற்ற இருவரும் தாங்கள் கொலை செய்யவில்லை என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். அவர்களுடைய விடுதலை இன்னும் செல்லுபடியாகும். அதை ரத்து செய்யக் கேட்டு யாரும் விண்ணப்பம் போட்டதில்லை. சட்டம் அனுமதிக்கும் அந்த ஒரே ஒரு விண்ணப்பம் பயன்படுத்தப்படாமல் அப்படியே இருக்கிறது.